ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

வாசகர் கேள்வி: 8 ஜனவரி

என்னுடையது ஆறு கியர் கொண்ட, டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கார். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. பராமரிப்பு அட்டவணையில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை. வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், நன்றாக ஓடும் கியர்பாக்ஸைத் திறக்கவே கூடாது என்றும், புது ஆயில் ஊற்றிய பிறகு கியர் விழாமல் போன வண்டிகளைத் தானே பார்த்திருப்பதாகவும் சொல்கிறார். சில வாரங்களாக 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது மட்டும் மெல்லிய நடுக்கம் ஒன்று தெரிகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போய்விடுகிறது. மாற்றலாமா, விடலாமா?

8 ஜனவரி, இரவு

மாற்றுங்கள்.

நீங்கள் சொல்லும் நடுக்கத்தை நான் இரண்டு ஆண்டுகள் வைத்து ஓட்டியிருக்கிறேன். சாலையின் ஓரத்தில் சொரசொரப்பாகப் போட்டிருக்கும் கோடுகளின் மேல் ஒரு விநாடி ஏறி இறங்கியதுபோல இருக்கும். டயர் என்று நினைத்து வீல் பேலன்ஸ் செய்தேன், பிறகு என்ஜின் மவுன்ட் மாற்றினேன். இரண்டும் வீண் வேலை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிறது. அது பிடிக்காதவரை என்ஜினின் சக்தி ஆயில் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. பிடித்த பிறகு இரண்டும் நேரடியாக இணைகின்றன. இப்போதைய வண்டிகளில் எரிபொருள் சிக்கனத்துக்காக அந்தக் கிளட்சை முழுக்கப் பிடிக்கவிடாமல், நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகள் வித்தியாசத்தில் வழுக்கிக்கொண்டே இருக்கும்படி கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. அப்படி வழுக்கும் தகடு அதிராமல் வழுக்க வேண்டுமானால், ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மங்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அவை தீர்ந்துபோனால் தகடு ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். நீங்கள் உணர்வது அந்த ஒட்டலும் விடலும்தான்.

கியர்பாக்ஸ் ஆயில் என்றதும் பலரும் என்ஜின் ஆயிலைப் போல அதுவும் வெறும் வழுவழுப்புக்கு என்று எண்ணுகிறார்கள். சக்தியைக் கடத்துவதும், வால்வு பாடி என்ற வால்வுத் தொகுதிக்குள் அழுத்தமாக நின்று எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றுவதும், சூட்டைச் சுமந்துகொண்டுபோய்க் கூலரில் இறக்குவதும் அதே ஆயில்தான். பற்சக்கரங்களுக்கு வழுக்கலையும் கிளட்ச் தகடுகளுக்குப் பிடிப்பையும் ஒரே திரவம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வேலை செய்யும் ஒரு பொருள் தேயாமல் இருக்கும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

9 ஜனவரி

நேற்று ஆயில்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாகி என்ஜின் விட்டுவிட்டு எரிந்தாலும் ஏறக்குறைய இதே நடுக்கம் வரும். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஆளில்லாத, நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மாற்றாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கணமே லாக்-அப் கிளட்ச் விட்டுவிடும். நடுக்கமும் அதோடு நின்றால் குறை கன்வெர்ட்டர் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் என்ஜின் பக்கம் பாருங்கள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு இதைச் செய்யுங்கள்.

11 ஜனவரி

பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, இனி மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்பதுதான் அவர் வாதம். அவர் பொய் சொல்லவில்லை. புது ஆயில் ஊற்றிய சில வாரங்களில் செத்த கியர்பாக்ஸ் எனக்கும் ஒன்று உண்டு. முதலில் வைத்திருந்த பழைய காரை நான் வாங்கும்போதே 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது என்ஜின் சுற்று ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் கியர் பிடிக்கும். ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று மாற்றினேன். இரண்டு மாதத்தில் மூன்றாவது கியர் அறவே போயிற்று. பல ஆண்டுகள் நானும் அந்த மெக்கானிக்கைப் போலவே, புது ஆயில்தான் கொன்றது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாவது கியருக்கான கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பூச்சு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இரும்பு நீலம் பாரித்துப் போயிருந்தது. அந்தச் சூடு இரண்டு மாதத்தில் வந்ததல்ல. சாகக் கிடந்த கியர்பாக்ஸுக்குத்தான் நான் ஆயில் மாற்றியிருக்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஓடுகிறவரை யாரும் மாற்றுவதில்லை, வழுக்கத் தொடங்கிய பிறகே மாற்றுகிறார்கள், பிறகு அது செத்தால் பழி ஆயில்மேல் விழுகிறது.

மெக்கானிக் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தேய்ந்த தகட்டின் பொடி பழைய ஆயிலில் மிதந்துகொண்டு பிடிப்புக்குச் சற்றே உதவியிருக்கலாம். புது ஆயிலில் அது இல்லாததால் கடைசி நூலும் அறுந்திருக்கலாம். ஆகவே என் முடிவு இது: கியர் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் ஆயில் மருந்தாகாது, பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் கியர்கள் சுத்தமாக விழுகின்றன, லாக்-அப் மட்டும் நடுங்குகிறது. இந்த நிலையில் மாற்றுவதுதான் சரி.

14 ஜனவரி

பராமரிப்பு அட்டவணையில் வரியில்லை என்பது பற்றி.

‘ஆயுட்கால ஆயில்’ என்றால் யாருடைய ஆயுள் என்று கேட்கும் நகைச்சுவை தேய்ந்துபோன ஒன்று, அதை விட்டுவிடுகிறேன். கியர்பாக்ஸைச் செய்கிறவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்யும் ஆறு கியர், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குகளைப் பல கார் நிறுவனங்கள் வாங்கிப் பொருத்துகின்றன. அவற்றில் சில, ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று கையேட்டில் எழுதின. ஆனால் இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகம் போனால் எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. காரை விற்பவருக்கு முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும். கியர்பாக்ஸ் செய்தவருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டில் யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆயிலின் வெப்பநிலை ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. துல்லியமான விதியல்ல என்றாலும் போக்கைச் சரியாகக் காட்டுகிறது. திறந்த நெடுஞ்சாலையில் 1,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியும், நெரிசலில் நின்று நின்று, மலையேறி, பின்னால் எதையாவது இழுத்து 1,00,000 ஓடிய வண்டியும் ஒன்றல்ல. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருந்தால் அதைப் படியுங்கள். பலருடைய அன்றாட ஓட்டமே அந்தத் தலைப்பில்தான் அடங்கும்.

20 ஜனவரி

வேலையை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்பதால் ஒன்றே ஒன்று: ஆயிலை வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

21 ஜனவரி

நேற்று எழுதியதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் வடித்தேன். ஆயில் அத்தனையும் பாத்திரத்துக்கு வந்த பிறகு ஊற்றும் துளையின் போல்ட்டுக்குப் போனேன். அது கியர்பாக்ஸ் உடலோடு ஒன்றாகிவிட்டிருந்தது. அறுகோணக் குழி வழுவழுவென்று வட்டமாகிற வரை முயன்றேன். வடித்தாயிற்று, ஊற்ற வழியில்லை, ஆயில் இல்லாமல் வண்டியை ஓட்டவும் கூடாது. மூன்று நாள் நான்கு முட்டுகளின் மேல் நின்றது. வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் போய்வந்தார்கள். கடைசியில் அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து ஒருவர் திருகி எடுத்தார். இன்றைக்கும் எனக்கு அந்தப் போல்ட் கனவில் வருவதுண்டு.

2 பிப்ரவரி

எவ்வளவு வடியும் என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். என் வண்டியின் கியர்பாக்ஸில் மொத்தம் 7 லிட்டர். போல்ட்டைக் கழற்றினால் வெளியே வருவது 3.5 லிட்டர்தான். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், வால்வு பாடியின் சந்துகளிலும், கூலருக்குப் போகும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. ஆகவே ஒருமுறை வடித்து ஊற்றினால் பாதி மட்டுமே புதிது. சில நாள் ஓட்டிக் கலக்கவிட்டு மறுபடி செய்தால் 75 சதவீதம் புதிதாகும், மூன்றாம் முறையில் 87.5, நான்காம் முறையில் ஏறக்குறைய 94. நான்கு முறை செய்யாவிட்டால் அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

3 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கு சரி, தீர்ப்பு தவறு. 94 சதவீதத்துக்காக 14 லிட்டர் புது ஆயிலைச் செலவிட வேண்டும், அதில் கணிசமான பங்கு நாமே ஊற்றி நாமே வடித்த நல்ல ஆயில். உராய்வுச் சேர்மங்கள் பாதியளவு மீண்டாலே தகடுகள் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்பதுதான் என் அனுபவம். இப்போது நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரே ஒரு தடவை வடித்து ஊற்றுகிறேன். ஆயில் முழுக்கப் புதிதாக எப்போதும் இருப்பதில்லை, முழுக்கப் பழையதாகவும் ஆவதில்லை. 96,000 வரை தொடாமல் விட்ட உங்கள் வண்டிக்கு, 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை செய்துவிட்டு நிறுத்துங்கள்.

மெஷினை இணைத்து ஒரே மூச்சில் மாற்றுவதைப் பற்றியும் கேட்டீர்கள். கூலர் குழாயில் இணைத்து, கியர்பாக்ஸின் பம்ப்பே பழையதை வெளியே தள்ளத் தள்ள அதே அளவு புதியதை உள்ளே விடும் முறையில் எனக்குக் குறையில்லை. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, அதுவும் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், கழுவித் தள்ளும் முறைக்கு என் வண்டியைக் கொடுக்க மாட்டேன். ஃபில்டர் ஆண்டுக்கணக்காகப் பிடித்துவைத்த குப்பையை வால்வு பாடிக்குத் திருப்பி அனுப்பும் வேலை அது.

11 பிப்ரவரி

எந்த ஆயில்? கையேட்டில் எழுதியிருக்கும் ரகம். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று எழுதி முடித்துவிடலாம், ஆனால் ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று எழுதிய டப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதால் நீட்டுகிறேன்.

எல்லாம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றுகிறது. சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் என்ஜின் ஆயிலா கியர்பாக்ஸ் ஆயிலா என்று தெரிவதற்காகச் சேர்ப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் டெக்ஸ்ரான் என்ற பெயரில் தன் தரத்தை அறிமுகப்படுத்தியது. அதே காலத்தில் ஃபோர்டு வைத்திருந்த டைப் எஃப், உராய்வைத் தணிக்கும் சேர்மங்கள் இல்லாத ஆயில். கிளட்ச் வெடுக்கென்று பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வடிவமைப்பு. ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஊற்றினால் ஒரு வண்டி உதறும், இன்னொன்று வழுக்கும். அந்த நாளிலேயே இப்படி. இன்றைக்கு டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாய் எஸ்பி-4, டெக்ஸ்ரான்-6 என்று பட்டியல் நீள்கிறது. டெக்ஸ்ரான்-6 போன்றவை முந்தைய தலைமுறை ஆயில்களைவிட மெல்லியவை, கியர்பாக்ஸ் எளிதாகச் சுழல்வதற்காக அப்படிச் செய்தார்கள். கெட்டியான பழைய ரகத்தை அதில் ஊற்றினால், வால்வுகள் எதிர்பார்க்கும் நேரத்துக்கு ஆயில் போய்ச் சேராது.

இடையில் ஒரு செய்தி. 1970-களின் தொடக்கம் வரை டெக்ஸ்ரான் போன்ற ஆயில்களில் உராய்வைச் சீர்படுத்தச் சேர்த்தது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். அமெரிக்காவில் திமிங்கலப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு மாற்றுச் சேர்மங்களைத் தேட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வந்த மாற்றுகள் அதற்கு ஈடாகவில்லை, கியர்பாக்ஸ்கள் நிறையப் பழுதாயின. சாயம் அதே சிவப்புதான், உள்ளே இருந்த ஒரு சிறு பங்கு மாறியது, அவ்வளவே.

சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு டெக்ஸ்ரான் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அதில் எஃகுப் பட்டையோ சங்கிலியோ கப்பிகளுக்கு நடுவே இறுகிப் பிடித்துத்தான் சக்தி போகிறது. அதற்கென்றே செய்த ஆயிலைத் தவிர வேறெதை ஊற்றினாலும் பட்டை வழுக்கிக் கப்பியைச் சுரண்டிவிடும். இரட்டைக் கிளட்ச் வகையிலும், ஆயிலில் மூழ்கிய கிளட்சா உலர்ந்த கிளட்சா என்று முதலில் பாருங்கள். ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் ஈரக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது அட்டவணையிலேயே இருக்கிறது.

25 பிப்ரவரி

அளவு பார்ப்பதில் நான் செய்த தவறு. இதை எழுதத் தயங்கினேன், ஏனென்றால் பிறருக்கு வெப்பநிலையைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே செய்த தவறு இது.

என் வண்டியில் டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சி கிடையாது. அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. அதற்குள் செங்குத்தாக ஒரு சிறு குழாய் நிற்கிறது. வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும், கியர் லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி மறுபடி பார்க்கில் நிறுத்த வேண்டும், ஆயில் 40 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது போல்ட்டைத் திறக்க வேண்டும். குழாயின் விளிம்பைத் தாண்டிய ஆயில் நூலாக ஒழுகி, பிறகு சொட்டுச் சொட்டாகும். அப்போது மூடினால் அளவு சரி. நான் என்ன செய்தேன் என்றால், புது ஆயில் நன்றாகக் கலக்கட்டும் என்று ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து திறந்தேன். ஆயில் தாராளமாக ஊற்றியது. அதிகமாக ஊற்றிவிட்டோம், நல்லவேளை வெளியேறுகிறது என்று மகிழ்ந்து, சொட்டாகும் வரை காத்திருந்து மூடினேன்.

சில நாளில், காலையில் முதன்முதலாக ரிவர்ஸ் போட்டால் ஒரு விநாடி ஒன்றுமே நடக்காது, பிறகு தடாலென்று பிடிக்கும். முன்பு இல்லாத குறை. இரண்டு வாரம் யோசித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். அன்று ஆயில் எப்படியும் 80 டிகிரியில் இருந்திருக்கும். ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயில் ஏறக்குறைய 0.07, 0.08 சதவீதம் விரிகிறது. 7 லிட்டர், 38 டிகிரி வித்தியாசம் என்றால் 200 மில்லி. அதிகம் என்று நினைத்து நான் வழியவிட்டது, ஆறியபின் உள்ளே இருந்திருக்க வேண்டிய ஆயில். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து ஆயிலின் சூட்டைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, 42 டிகிரியில் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. 200 மில்லி ஊற்றிய பிறகுதான் விளிம்பைத் தொட்டது. ரிவர்ஸ் மறுநாளே சரியாயிற்று.

டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளிலும் வண்டிக்கு வண்டி முறை வேறு. பெரும்பாலானவற்றில் சூடாக, என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல வண்டிகளில் சூடான என்ஜினை நிறுத்தியவுடன், ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையும் காற்றுதான்.

1 மார்ச்

போன குறிப்பை எழுதிவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டியதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த இழையின் தொடக்கத்தில், என் வண்டியின் நடுக்கத்தைப் புது ஆயில் தீர்த்தது என்ற தொனியில் எழுதியிருந்தேன். நோட்டில் இருக்கும் அளவுகள் வேறு கதை சொல்கின்றன. முதல்முறை வடிந்தது 2.9 லிட்டர். (பாத்திரத்தில் ஒரு இரவு ஆறவிட்டு அளந்தேன், சூடாக அளந்தால் 100 மில்லி வரை கூடுதலாகக் காட்டும்.) நான் ஊற்றியது 3.5. சூட்டில் வழிந்தது 0.3. பிறகு சேர்த்தது 0.2. ஆக உள்ளே நின்றது 3.4. அப்படியானால் அதற்கு முன் அரை லிட்டர் குறைவாகவே அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கும் ஒழுகல் இல்லை. யாரோ எப்போதோ என்னைப் போலவே சூட்டில் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நடுக்கம் முதல் மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது, அந்த 200 மில்லியைச் சேர்த்த பிறகு முழுக்க நின்றது. தீர்த்தது ஆயிலின் புதுமையா, அளவா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியவன் ஒன்றுக்குப் புகழ் சேர்ப்பது சரியல்ல. ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வடிப்பதற்கு முன்பே, சரியான சூட்டில் அளவைப் பார்த்து எழுதிவையுங்கள். வடிந்ததையும் ஆறவிட்டு அளந்து எழுதிவையுங்கள்.

17 மார்ச்

வடித்த ஆயிலின் படத்தைப் பார்த்தேன். காப்பி நிறம் என்று பயப்பட வேண்டாம். சாயம் சூட்டில் சீக்கிரமே மங்கிவிடும், சில ரகங்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கருக்கத் தொடங்கும். முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால் அது தகட்டின் வாடை, அதற்குத்தான் பயப்பட வேண்டும். இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, ஏனென்றால் கூலன்ட் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும்.

கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டை இறக்கியபோது அதிலிருக்கும் காந்தங்களைத் துடைக்காமல் படம் எடுத்தது நல்லதாயிற்று. அவற்றின் மேல் முள்ளம்பன்றிபோல் எழுந்து நிற்கும் சாம்பல் நிற மாவு எல்லா வண்டியிலும் இருக்கும். அதை விரலால் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மை போல வழுக்கினால் வெறும் தேய்மானம். நறநறவென்றாலோ, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஊசிபோல் மின்னும் துணுக்குகள் தெரிந்தாலோ, உள்ளே ஒரு பேரிங்கோ பற்சக்கரமோ உடைந்துகொண்டிருக்கிறது. நான் முதல்முறை அந்த மாவைக் கண்டதும் கியர்பாக்ஸ் முடிந்தது என்றே நினைத்தேன். துணியால் துடைத்தபோது கைக்குட்டை முழுவதும் பென்சில் கரிபோல் படிந்ததே தவிர, ஒரு துணுக்கும் தட்டுப்படவில்லை. அந்தக் கைக்குட்டை எத்தனை துவைத்தும் வெளுக்கவில்லை.

6 ஏப்ரல்

ஹைபிரிட் வண்டி வைத்திருக்கும் ஒருவர், இதெல்லாம் எனக்கு இல்லை என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். டொயோட்டா ஹைபிரிட் என்றால் பாதி சரி. அதில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, மாறி மாறிப் பிடிக்கும் கிளட்சுகளும் இல்லை. என்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. ஆனால் ஆயில் உண்டு, பலவற்றில் அதே டபிள்யூஎஸ். அது பற்சக்கரங்களோடு மோட்டார்களின் சூட்டையும் தணிக்கிறது. மாற்றுவதுதான் இந்த இழையிலேயே எளிய வேலை: வடித்து, ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஊற்றி மூட வேண்டியதுதான்.

19 மே

உங்கள் அளவுகளுக்காகத்தான் காத்திருந்தேன். வடிப்பதற்கு முன் 42 டிகிரியில் திறந்தபோது சொட்டுச் சொட்டாக வந்தது, அதாவது அளவு சரியாகவே இருந்திருக்கிறது. வடிந்தது 3.4, ஊற்றியது 3.4. முதல் மாற்றத்துக்குப் பிறகு நடுக்கம் பாதியாகி, 1,000 கிலோமீட்டர் கழித்து இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு முழுவதும் நின்றிருக்கிறது. மார்ச் 1 அன்று நான் எழுப்பிய சந்தேகத்துக்கு உங்கள் வண்டி ஓரளவு விடை தந்துவிட்டது. உங்கள் வண்டியில் அளவு மாறவே இல்லை, மாறியது ஆயில் மட்டும். என் வண்டியிலும் அதுவே முதற்காரணமாக இருந்திருக்கலாம், அரை லிட்டர் குறைவு அதைப் பெரிதாக்கியிருக்கலாம். இரண்டு வண்டியை வைத்து இதற்கு மேல் சொல்வது அதிகம்.

முதல் சில நாள் இரண்டாவது கியர் சற்று வெடுக்கென்று விழுந்ததும் இயல்புதான். பழைய ஆயிலின் குணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கிளட்சையும் எவ்வளவு நேரம் நிரப்புவது என்று கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்தது. புதியதற்குப் பழகச் சில நாள் எடுத்துக்கொள்ளும். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

2 ஜூன்

வடிக்கும் போல்ட்டின் அடியில் ஈரம் தெரிகிறது என்கிறீர்கள். இரண்டாம் முறை பழைய வாஷரையே போட்டீர்களா? அது ஒருமுறை நசுங்கினால் முடிந்தது. இன்னும் இறுக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்க வேண்டாம், அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். புது வாஷர் ஒன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, ஆறிய வண்டியில் கழற்றி, சட்டென்று மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வேகமாகச் செய்தால் 100 மில்லிக்கு மேல் போகாது. போனதை அளந்து அதே அளவை ஊற்றி, 42 டிகிரியில் ஒருமுறை பாருங்கள். இரவில் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்தால் காலையில் தெரிந்துவிடும்.